மவுண்ட் ரோஸ்கில்லுக்கு ஒரு ஸ்பானிய யாத்திரை

தமிழர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மழை வரும் என்று சொல்லலாம், நாற்காலி இல்லை என்று சொல்லலாம், சிறப்பு விருந்தினர் விரிவாகப் பேசுவார் என்றுகூடச் சொல்லலாம், வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "சாப்பாடு கிடையாது" என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் என்ன ஆகும் என்பது ஆக்லாந்தில் என்னைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. (இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று என் கணவர் கேட்பார். அவருடைய பங்கைப் பிறகு சொல்கிறேன்.)

அப்போது நாங்கள் ஆக்லாந்தில் மவுண்ட் ரோஸ்கில் என்ற பகுதிக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. விசா என் வேலையை நம்பி இருந்தது. என் கணவர் பாலா ஐ.டி. வேலை தேடிக்கொண்டும், தேடாத நேரத்தில் சாம்பார் வைத்துக்கொண்டும் இருந்தார். மகள் மித்ரா பள்ளியில் சேர்ந்த மறு மாதமே தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள். எனக்கு மவுண்ட் வெல்லிங்டனில், ஒரு டயர் கடையின் மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் வேலை. நடப்பதற்கும் சைக்கிள் ஓட்டுவதற்கும் காடு, கடற்கரை, மலை வழியாகப் பாதை திட்டமிட்டுக் கொடுப்பார்கள். டிரெயில் என்பார்கள். வரைபடத்தில் கோடு போடுவது என் பொறுப்பு.

வேளச்சேரியில் இருந்த காலத்தில் தெருமுனைப் பால் பூத்துக்கே ஸ்கூட்டியில் போய்வந்தவள் நான். அடுத்தவர்கள் எங்கே, எவ்வளவு நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று நீங்கள் கேட்கலாம். இண்டர்வியூவில் நான் சொன்ன பொய்களை நம்பியவர் க்ரெய்க். அவர்தான் முதலாளி. நல்ல மனிதர், அதிகம் பேசமாட்டார். "ம்" என்று அவர் சொல்வதில் பல வகை உண்டு, எது எந்த வகை என்று கண்டுபிடிப்பதற்குள் எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

வேலையில் என் தகுதிகாண் காலம் முடியப்போகிற சமயத்தில் அந்த அமெரிக்க வேலை வந்தது. அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் ஒரு மாவட்டம். பல தலைமுறைகளுக்கு முன்பு ஸ்பெயின் நாட்டுக் கமாண்டர் ஒருவர், புதிய குடியிருப்பு அமைப்பதற்காக ஆட்களையும் மாடுகளையும் ஓட்டிக்கொண்டு பாலைவனத்தைக் கடந்து அந்த வழியாகப் போயிருக்கிறார். அதே வழியில் இன்றைய குடும்பங்கள் விடுமுறை நாளில் நடப்பதற்கு ஒரு டிரெயில் போட வேண்டும். முதல் கட்டத் திட்டத்தை நாங்கள் அனுப்பியிருந்தோம். அதைப் பார்க்க இரண்டு பேர் ஆக்லாந்துக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அடுத்த கட்டமும் எங்களுக்கு, என் வேலையும் நிரந்தரம். பிடிக்காவிட்டால் எனக்குக் கொடுக்க வேறு வேலை இல்லை என்று க்ரெய்க் தெளிவாகவே சொல்லிவிட்டார். வேலை போனால் விசா போகும், விசா போனால் நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போவோம். மித்ரா கியூவில் நின்று நீச்சல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அதுவும் போகும்.

கமாண்டரின் பயணக் குறிப்புகளை ஆங்கிலத்தில் படித்ததிலிருந்து நான் அவருடைய பக்தை ஆகியிருந்தேன். விடியலில் எழுந்தார், கோவேறு கழுதைகளில் மூட்டை ஏற்றினார், நடந்தார், முகாம் போட்டார். என்ன ஒழுங்கு, என்ன கட்டுப்பாடு! அவருடைய வேகத்தைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்ற இடைவெளியில் வழிகாட்டிப் பலகைகளையும் வரலாற்றுப் பலகைகளையும் இளைப்பாறும் முகாம்களையும் வைத்திருந்தேன். வீட்டிலும் அவர் பெயரைச் சொல்லி அதிகாரம் செய்ய ஆரம்பித்திருந்தேன். காலையில் பாலா காபியோடு பத்து நிமிடம் உட்கார்ந்தால்கூட, "இப்படி உட்கார்ந்திருந்தால் பாலைவனத்தைத் தாண்டியிருக்க முடியுமா?" என்று கேட்பேன். பாவம், அவர் தாண்ட வேண்டியிருந்ததெல்லாம் ஹால் மட்டும்தான்.

க்ரெய்க் ஒரு யோசனை சொன்னார். அமெரிக்கர்கள் வந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலையில், அட்டையில் செய்த மாதிரிப் பலகைகளை ஆக்லாந்திலேயே ஒரு வழியில் நட்டுவைப்போம். டிரெயில் பக்கமே போகாத சில குடும்பங்களை நடக்கவிட்டுப் பார்ப்போம். ஒனஹங்கா கடற்கரையில் ஆரம்பித்து, ஹில்ஸ்பரோ மேட்டில் ஏறி, மவுண்ட் ரோஸ்கில் மலையடிவாரத்தில் முடிக்கலாம். "அப்படிப்பட்ட குடும்பங்கள் உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். டிரெயில் பக்கமே போகாத குடும்பங்களா? எனக்கு வேறு மாதிரிக் குடும்பங்களே தெரியாது.

உண்மையில் எனக்கு நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான். பக்கத்து வீட்டு ரஞ்சி அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீண்ட காலம் ஆகிறது, முதியோர் இல்லத்தில் வேலை. ரோஸ்கில்லில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வீட்டில் மார்ட்கேஜ் கிடைத்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்த பிறகுதான் சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியும் என்று தோன்றும். அவர் என்னை நான்கு வாட்ஸப் குழுக்களில் சேர்த்துவிட்டார். அதில் நான் போட்ட செய்திதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஞாயிறு காலை நடை, குடும்பத்தோடு வாருங்கள் என்று எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். நடப்பவர்களின் கவனம் பலகைகளில் இருக்க வேண்டும், இது ஆராய்ச்சி அல்லவா? அதனால், "சாப்பாடு கிடையாது. யாரும் சாப்பாடு கொண்டுவரவும் வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும்" என்று தடித்த எழுத்தில் சேர்த்தேன்.

நான்கு குழுக்களிலும் சத்தமே இல்லை. காலை வணக்கப் படம்கூட வரவில்லை. நான் அதை ஒழுங்கு என்று நினைத்தேன்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அன்று மாலை ரஞ்சி அக்கா வேலியோரம் பாலாவைப் பிடித்து, "தம்பி, உங்களுக்கு ஏதும் கஷ்டமோ?" என்று கேட்டிருக்கிறார். பாலா, தன் வேலை தேடலைப் பற்றித்தான் அக்கா கேட்கிறார் என்று நினைத்து, "கொஞ்சம் டைட்தாங்க்கா, சமாளிக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார். (அவருடைய பங்கு இதுதான். பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா?) ரஞ்சி அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆபீஸ்காரன் இந்தப் பிள்ளையைச் சனம் சேர்க்கச் சொல்லியிருக்கிறான். சனத்துக்குச் சாப்பாடு கொடுக்க இவளுக்கு வழியில்லை. வெட்கத்தை விட்டு வெளியிலேயே சொல்லிவிட்டாள். "செத்த வீட்டிலகூட ஒரு தேத்தண்ணி குடுப்பினம். இந்தப் பிள்ளையை நாங்கள் தனிய விடுறதோ?" என்று அவர் வீடு வீடாகக் கதைத்திருக்கிறார். யாழ்ப்பாணக்காரர்கள் எல்லோருக்கும் சமைப்பது என்று முடிவு செய்தார்கள். அது காதில் விழுந்ததும் எங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், நம்ம ஊர்ப் பெண்ணுக்கு நாம் செய்யாமல் அவர்கள் செய்வதா என்று தனியாகக் கூடி, அவர்களும் எல்லோருக்கும் சமைப்பது என்று முடிவு செய்தார்கள். மலேசியத் தமிழர்கள் யாரிடமும் எதுவும் கேட்காமல் தேங்காய்ப்பால் வாங்கப் போய்விட்டார்கள். எனக்குத் தெரியக்கூடாது என்பதில் மட்டும் மூன்று தரப்பும் ஒற்றுமை.

ஞாயிறு காலை ஒனஹங்கா கடற்கரையில் கழுத்தில் விசிலும் ஸ்டாப்வாட்சும் தொங்க நின்றேன். ஏழெட்டுக் குடும்பம் வந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கார்கள் வந்துகொண்டே இருந்தன. கல்யாண மண்டப வாசல் மாதிரி ஆகிவிட்டது. பட்டுச்சேலையில் சிலர், தள்ளுவண்டியில் குழந்தைகள், கையில் சில்லி பின் என்று இங்கே சொல்லும் குளிர்பெட்டிகள். பெட்டிகளில் என்ன என்று கேட்டேன். தண்ணீர் என்றார்கள். நீங்கள்தானே தண்ணீர் கொண்டுவரச் சொன்னீர்கள் என்று ஒரு பெண்மணி என்னையே கேட்டார். தண்ணீரிலிருந்து ஏன் பெருங்காய வாசனை வருகிறது என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கூட்டத்தில், மகனைப் பார்க்க வந்திருந்த சோமு அங்கிள் இருந்தார். பழனிக்கு வருடா வருடம் நடந்தே போனவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எங்கம்மா போய் முடியுது?"

"மவுண்ட் ரோஸ்கில் மலை அடிவாரத்துல, அங்கிள்."

"மலையா?" என்றார். குனிந்து இரண்டு செருப்பையும் கழற்றி மகன் கையில் கொடுத்தார்.

அவரைப் பார்த்து இன்னும் சிலர் கழற்றினார்கள். நான் ஸ்பானியப் பயணத்தின் வரலாற்று முக்கியத்துவத்தைப் பற்றி ஒரு சின்ன உரை தயாரித்து வைத்திருந்தேன். இரண்டாவது வாக்கியத்தில் இருந்தபோது சோமு அங்கிள் "அரோகரா" என்றார். கூட்டம் முழுவதும் "அரோகரா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தது. ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட எந்தப் பயணமும் அப்படித் தொடங்கியிருக்காது.

முதல் வரலாற்றுப் பலகையில், இந்த இடத்தில் பயணிகள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காமல் தவித்தார்கள் என்று உருக்கமாக எழுதியிருந்தேன். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அதன் கீழே மடக்கு மேசை போட்டு எங்கள் ஊர்க்காரர்கள் நீர்மோர், பானகம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் பரப்பியிருந்தார்கள். மேலே தார்ப்பாய்ப் பந்தல். பந்தலின் ஒரு முனையை என் பலகையின் கம்பத்தில்தான் கட்டியிருந்தார்கள். தண்ணீர் இல்லாமல் தவித்த வரலாற்றைப் படிக்க வேண்டியவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்து இரண்டாம் தம்ளர் மோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விசில் ஊதினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாலைந்து பிள்ளைகள் மட்டும் ஓடிவந்து, தாங்களும் ஒருமுறை ஊதிப் பார்க்கலாமா என்று வரிசையில் நின்றார்கள்.

மலையடிவாரத்தில் க்ரெய்க் அமெரிக்கர்கள் இருவரோடு காத்திருந்தார். ஃபோன் வந்தது. எங்கே இருக்கிறாய் என்றார். முதல் பலகை என்றேன். இன்னுமா என்றார். மக்கள் பலகை அருகே மிகுந்த நேரம் செலவிடுகிறார்கள் என்று பதில் சொன்னேன். அது பொய் இல்லை. அவர் "ம்" என்றார்.

ஒருவழியாகக் கூட்டத்தைக் கிளப்பி ஹில்ஸ்பரோ மேட்டில் ஏற்றினேன். மனுக்காவ் கடல் பக்கமிருந்து அடித்த காற்றில் என் அம்புக்குறி அட்டைகள் பாதி பறந்துவிட்டன. தெரியாத ஜாகிங்காரர் ஒருவரைக் கையைப் பிடித்து நிறுத்தி யாரோ பானகம் கொடுத்தார்கள். அவர் மறுபடி ஓடவில்லை, எங்களோடு நடந்து வந்தார். மேட்டைத் தாண்டியதும் மரங்களுக்குள் மறைவாக ஒரு புல்வெளி உண்டு. அங்கே ரஞ்சி அக்கா காஸ் அடுப்போடு நின்றார். எண்ணெய்ச் சட்டியில் வடை மிதந்துகொண்டிருந்தது. மேசையில் கிடந்த ஒரு பெரிய அட்டையில் சுட்ட வடைகளை அடுக்கியிருந்தார்கள். அடுத்த முகாமுக்கு வழி காட்ட வேண்டிய என் அம்புக்குறி அது.

"அக்கா, நான் சாப்பாடு வேண்டாம்னு எழுதியிருந்தேனே."

"ஓம் பிள்ளை, வாசிச்சனாங்கள்" என்றார் ரஞ்சி அக்கா, அடுப்பைக் குறைத்தபடி. "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். எல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுறம்."

அதற்குமேல் பிரச்சினை என்னவென்றால், முதல் பந்தலில் சாப்பிட்டவர்கள் இங்கே சாப்பிடாமல் போனால் மரியாதை இல்லை. இங்கே ஒரு பிடி பிடித்தவர்கள் அடுத்த முகாமில் காத்திருந்த மலேசியக்காரர்களின் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றைத் தொடாமல் போனால் அதுவும் மரியாதை இல்லை. எனவே எல்லோரும் முழு மரியாதையோடு புல்லில் சாய்ந்துவிட்டார்கள். சோமு அங்கிள்கூட மரத்தடியில் கண்ணை மூடியிருந்தார். மித்ரா இரண்டு கையிலும் வடையோடு வந்து, "அம்மா, இஸ் ஸ்பெயின் ஆஃப்டர் த வடை?" என்று கேட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் மூன்று பேரும் ஊருக்குப் போகிறோம் என்பது அந்த நிமிடம் எனக்கு உறுதியாகிவிட்டது. பாலாவைத் தேடினேன். அவர் தேத்தண்ணி பரிமாறிக்கொண்டிருந்தார்.

அழுகிறவளைப் பார்த்தால் நம்மவர்கள் செய்வது ஒன்றுதான். ரஞ்சி அக்கா என்னைப் புல்லில் உட்காரவைத்து, கையில் தட்டைத் திணித்து, முதலில் சாப்பிடும் என்றார். மறுத்துப் பார்த்தேன். முதியோர் இல்லத்தில் பிடிவாதக்காரர்களை நாள்தோறும் சாப்பிடவைத்துப் பழகிய கை அது. வடையை வாயில் வைத்தேன். சூடாக, மொறுமொறுவென்று இருந்தது. உலகமே முடிகிற நேரத்தில் வடை இப்படி ருசிக்கக்கூடாது. இன்னொன்று எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டபோது என் முன்னால் மூன்று ஜோடி மலையேறும் பூட்ஸ்கள் வந்து நின்றன.

க்ரெய்க், மார்க், டயான். மார்க்தான் அந்த மாவட்டத்தில் இந்தத் திட்டத்தின் பொறுப்பாளர். டயான் நரைத்த கூந்தலைப் பின்னிப் போட்டிருந்த வரலாற்று ஆய்வாளர். நாங்கள் வராததால் எங்களைத் தேடி வந்திருந்தார்கள். அவர்கள் கண்முன்னால் இருந்த காட்சியைச் சொல்கிறேன்: படுத்திருக்கும் பயணிகள், வடைத் தட்டாகிவிட்ட அம்புக்குறி, அவிழ்ந்த கூந்தலும் கழுத்தில் விசிலுமாக, பேச முடியாதபடி கன்னம் உப்பி உட்கார்ந்திருக்கும் திட்ட வடிவமைப்பாளர். க்ரெய்க் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

மார்க் மரியாதையாகவே கேட்டார். பலகையும் முகாமும் மேட்டின் உச்சியில் இருக்கின்றன, இவர்கள் ஏன் இங்கே நின்றார்கள்?

கையில் லேப்டாப் இருந்திருந்தால் ஏதாவது வண்ணப்படம் காட்டிச் சமாளித்திருப்பேன். வடையை விழுங்கியதும் வாயில் வந்தது உண்மைதான். நான் முகாம் வைத்த இடத்தில் காட்சி அழகு, ஆனால் காற்று. இங்கே காற்று இல்லை, நிழல் இருக்கிறது, குழாய் இருக்கிறது, கழிவறை பக்கத்தில். குழந்தை ஓடினால் கண்ணில் படும். மேட்டில் ஏறியதும் மனிதர்களுக்கு உட்காரத் தோன்றும், அது என் கணக்கில் இல்லை. நான் கமாண்டரின் வேகத்தில் திட்டம் போட்டேன், வந்தவர்களில் ஒருவர்கூடக் கமாண்டர் இல்லை. இதைச் சொல்லி முடித்துவிட்டு, வேலைதான் போய்விட்டதே என்று மூன்றாவது வடையையும் எடுத்தேன்.

டயான் சிரித்தார். முதலில் மெதுவாக, பிறகு கண்ணில் நீர் வரும்வரை. புல்லில் என் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பயணத்தில் படைவீரர்களைவிட அவர்களுடைய குடும்பங்கள்தான் அதிகம் என்றார். பெண்கள், கைக்குழந்தைகள், வழியில் பிரசவித்தவர்கள், அடுப்பு, சட்டி, மாடு, எல்லாமும். யாருக்காவது வலி கண்டால் மொத்தக் கூட்டமும் நிற்கும். கமாண்டரின் குறிப்புகள் முழுக்க அந்தத் தாமதத்தைப் பற்றிய புலம்பல். "அதைப் படிக்கும்போதெல்லாம் அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிப்பேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்" என்று என்னைக் காட்டினார். அவர் பின்னால் நடந்தவர்கள் எதையும் எழுதவில்லை, அதனால்தான் எல்லோரும் கமாண்டருக்கு மட்டும் பாதை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். அதில் முதல் பக்தை நான்தான். வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து என்னைத் திக்குமுக்காட வைத்தன. ரஞ்சி அக்கா அதைப் பசி என்று நினைத்து நான்காவது வடையை வைத்தார்.

அடுத்த கட்டம் எங்களுக்கே கிடைத்தது. முகாம்களையெல்லாம் அழகான உச்சிகளிலிருந்து இறக்கி, நிழலும் தண்ணீரும் பல குடும்பங்கள் சேர்ந்து சாப்பிட இடமும் இருக்கிற இடங்களில் வைத்தேன். என் வேலை நிரந்தரம் என்பதைச் சொன்ன அன்று க்ரெய்க் என்னிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்: அடுத்த தடவை சாப்பாடு உண்டு என்று எழுது, ஒருவேளை அப்போது யாரும் கொண்டுவராமல் இருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மலேசியர்களின் முகாமையும் முடித்து, எல்லோரும் மலையடிவாரத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. சோமு அங்கிள் வெறுங்காலோடு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் பின்னால் நின்ற மார்க்கும் எதற்கும் இருக்கட்டும் என்று கைகூப்பினார்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்குப் பெயர் கமாண்டர். காபி குடிக்க நான் பத்து நிமிடம் உட்கார்ந்தால் பாலா பாலைவனத்தை நினைவுபடுத்துவார். அவருக்கு வேலை கிடைத்தது, நாங்கள் இங்கேயே நிலைத்துவிட்டோம், மித்ரா நீச்சலில் என்னைக் கரையில் நிற்கவைத்துவிட்டுப் போகும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். நடை மட்டும் நிற்கவில்லை. வருடந்தோறும் கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எதுவும் எழுதாமலே, கடற்கரையில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பெயர் ஸ்பெயின் யாத்திரை. பந்தல்கள் கூடியிருக்கின்றன. அந்த ஜாகிங்காரர் தனியாக ஒரு மேசை போட்டு ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி கொடுக்கிறார்.

போன தடவை ஹில்ஸ்பரோ புல்வெளியில் வடைக்கு வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் புதிதாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி. இது எந்தச் சாமிக்குங்க என்று, வடை கொடுத்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் அந்தப் பையன் கேட்டான். அவளும் பின்னாளில் வந்தவள்தான், என்னை முன்பின் பார்த்ததில்லை. ஆனால் சந்தேகமே இல்லாமல் சொன்னாள்.

"முந்தி ஸ்பெயின் பக்கத்தில இருந்து ஒரு கமாண்டர் அம்மா வந்தவவாம். சனத்துக்குச் சாப்பாடு குடுக்கக்கூடாது எண்டு கட்டளை போட்டவ. சனம் கேக்கேல்லை. பிறகு இந்த மரத்தடியில வந்துதான் அவவுக்கு அறிவு வந்து, அழுதழுது வடை சாப்பிட்டவ. அதாலதான் இந்த இடத்தில எல்லாரும் வடை சாப்பிட்டிட்டுப் போகவேணும்."

அந்த ஜோடி பயபக்தியோடு வடையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அடுத்து என் முறை. நீங்களும் வேண்டுதலோ அக்கா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமா, எனக்கு அது பலிச்சுதும்மா என்று சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு வடையாக வாங்கிக்கொண்டேன்.